ஹாஃபிஸாவின் வண்டிக்கு ஒரு பூட்டு

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம், முழங்கால் வரை கரிசல் அப்பிய காலோடு ஹாஃபிஸா வாசலில் வந்து நின்றாள். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. இன்னொன்று ஏழாயிரம்பண்ணைக்குத் தெற்கே ஏதோ ஒரு பருத்திக்காட்டுப் பாதையில் சேற்றோடு போய்விட்டது.

"மச்சான், ஒரு வாளி தண்ணி கொண்டாங்க. இப்படியே உள்ள வந்தா மாமி என்னயத் தொவச்சிருவாக."

சாபிர் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். விருதுநகர் பஜாரில் பருப்பு மண்டி வைத்திருப்பவன் அவன். ஹாஃபிஸா அவனுடைய தாய்மாமன் மகள், கட்டிக்கொண்டவள், மாட்டு டாக்டர். வெம்பக்கோட்டை, ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஆடு மாடு வைத்திருப்பவர்கள் எல்லாருடைய போனிலும் அவள் நம்பர் இருந்தது. காற்றாலைக் காண்டிராக்டர் ஒருவர் ஓட்டிக் கழித்த பிக்கப் ஒன்றை வாங்கி, மருந்துப் பெட்டியையும் சினை ஊசி வைக்கும் நைட்ரஜன் குடுவையையும் பின்னால் ஏற்றிக்கொண்டு அவள்தான் ஓட்டினாள். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. சேறு, மேடு, பள்ளம் எதற்கும் போகும் என்று சொல்லித்தான் விற்றார்கள்.

காலைக் கழுவிவிட்டபடியே சாபிர் வண்டியைப் பார்த்தான். பின்கதவு முழுக்க வெள்ளி நிறத்தில் கைத்தடங்கள் பதிந்திருந்தன.

"இது என்ன?"

"பட்டாசுக் கம்பெனிப் பொம்பளைக. மழைக்கு வேலைய நிறுத்திட்டு வேன்ல வந்தாக. அம்புட்டுப் பேரும் எறங்கித் தள்ளிவிட்டாக. கையெல்லாம் அலுமினியப் பொடி. பாவம், தீபாவளிச் சீசன் கடைசி லோடு ஓடிக்கிட்டிருக்கு அவுகளுக்கு."

சாப்பிடும்போதுதான் மீதியைச் சொன்னாள். பின்சக்கரம் ஒன்று வாய்க்கால் ஓரத்தில் அந்தரத்தில் தொங்கியபடி விர்ரென்று சுற்றியதாம். தரையில் இருந்த இன்னொரு சக்கரம் அசையவே இல்லை. கடைசியில் வண்டியை விட்டுவிட்டுப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு, கன்று போட முடியாமல் கிடந்த பசுவைப் பார்க்க நடந்தே போயிருக்கிறாள். போய்ச் சேர்ந்தபோது கன்று வயிற்றுக்குள்ளேயே செத்திருந்தது. தாயை மட்டும் பிழைக்கவைத்துவிட்டு வண்டிக்குத் திரும்பிய பிறகுதான் கம்பெனி வேன் வந்து தள்ளிவிட்டது.

"கொஞ்சம் முந்திப் போயிருந்தா..." என்றவள் தட்டைப் பார்த்துக்கொண்டே சோற்றைப் பிசைந்தாள். சாபிர் அவள் தட்டில் இன்னொரு மீன் துண்டை வைத்தான். அவளை விட்டுவிட்டு வண்டியின் பின்சக்கரத்துக்குத்தான் அவன் மனது போயிருந்தது என்றால் அதுவும் அவள் மேல் இருந்த பிரியத்தால்தான்.

வண்டி என்றால் சாபிருக்கு உயிர். வீட்டிலிருந்து மண்டிக்கும் மண்டியிலிருந்து வீட்டுக்கும் ஸ்கூட்டரில் போய்வருவதைத் தவிர அவன் பெரிதாக எதையும் ஓட்டியது கிடையாது. ஆனால் பாலைவனத்திலும் பனிமலையிலும் எவனெவனோ வண்டி ஓட்டுகிற வீடியோக்களைச் சலிக்காமல் பார்ப்பான். அடுத்த நாள் காலை டீயோடு அவன் முடிவுக்கு வந்துவிட்டான்.

"உன் வண்டிக்கு ஒரு லாக்கர் போட்டுருவோம்."

அடுப்படியிலிருந்து அவன் அம்மா குல்சார் பேகம் எட்டிப்பார்த்தாள். "லாக்கரா? வைக்கிறதுக்கு நகை எங்கன இருக்கு? இருக்கிற நாலு வளையலுக்கு வண்டியில வேற லாக்கரா?"

"நகைக்கு இல்லம்மா, சக்கரத்துக்கு." இரண்டு டீ கிளாசை எடுத்து மேசையில் வைத்து அவன் விளக்கினான். வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் கூடுதலாக ஓட வேண்டும், உள்பக்கச் சக்கரம் குறைவாக ஓட வேண்டும். அதற்காக அச்சின் நடுவே ஒரு பல்சக்கரக் கூட்டம் இருக்கிறது. தார் ரோட்டில் அது நல்லது. சேற்றில் அதுவே வினை. எந்தச் சக்கரம் லேசாகச் சுற்றுகிறதோ அதற்கே முழு இழுவையையும் கொடுத்துவிடும். தரையில் நிற்கிற சக்கரத்துக்கு ஒன்றும் வராது. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பூட்டிவிட்டால் இரண்டும் சேர்ந்தே சுற்றியாக வேண்டும்.

"வாங்கும்போதே அத வச்சு விக்க மாட்டானா?" என்று கேட்டுவிட்டு குல்சார் பேகம் கிளாஸ்களை எடுத்துக்கொண்டு போனாள்.

ஹாஃபிஸா சிரித்தாள். "எதையாச்சும் போடுங்க மச்சான். என்னயக் கேட்டுட்டுப் போடுங்க."

அந்தக் கடைசி வார்த்தையை சாபிர் சரியாகக் காதில் வாங்கவில்லை.

தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகள் லீவு விட்டிருந்த ஞாயிற்றுக்கிழமை, காளிராஜ் தன் பிக்கப்போடு வந்தான். சாபிரோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. வெம்பக்கோட்டைப் பக்கம் சின்னதாக ஒரு பட்டாசுக் கம்பெனி நடத்துகிறான். அவன் வண்டியில் ஏற்கெனவே ஒரு பூட்டு இருந்தது. தானாகவே பூட்டிக்கொள்கிற வகை.

"ஏலே சாபிரு, இதுக்கு சுச்சும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. தேவைன்னா தானாப் பூட்டிக்கிரும், திருப்பம் வந்தா தானா விட்டுரும். நமக்கு ஒரு சோலியும் இல்ல. வெலையும் கொறவு."

மூன்று பேரும் வெம்பக்கோட்டை அணைக்குப் போனார்கள். நீர் வடிந்து களிமண் பிசுபிசுத்துக் கிடந்த ஓரத்தில் காளிராஜ் வண்டியை இறக்கினான். ஒரு பக்கச் சக்கரம் குழியில் தொங்கியது, மறுபக்கம் பிடித்துக்கொண்டது, வண்டி எருமை மாதிரி நிதானமாக ஏறி மேலே வந்துவிட்டது. சாபிர் குதிக்காத குறை. "இதுதான், இதுதான்" என்று ஹாஃபிஸாவின் தோளைத் தட்டினான்.

"திரும்பிப் போகையில நா ஓட்டுறேன்ணே," என்று அவள் காளிராஜிடம் சாவியை வாங்கிக்கொண்டாள்.

தார் ரோட்டில் ஏறியதும் தூறல் போட ஆரம்பித்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் பின்னாலிருந்து டக், டக் என்று சத்தம் வந்தது.

"அண்ணே, பின்னால யாரோ கதவத் தட்டுறாகளே?"

"அது பூட்டு விடுற சத்தம்மா. பழகிரும்."

சாத்தூர் போகும் வழியில் ஒரு வளைவில் அவள் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தாள். அவ்வளவுதான், பூட்டு பட்டென்று மாற, வண்டியின் பின்பக்கம் சர்ரென்று வழுக்கி வெளியே வீசியது. அவள் ஸ்டியரிங்கைத் திருப்பிப் பிடித்து நேராக்கினாள். எதிரே யாரும் வரவில்லை. ஒரு வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தினாள். சாபிரின் கை அவன் அறியாமலே அவள் கையைப் பிடித்திருந்தது.

"பாத்துத்தானே போவேன், எனக்குப் பழக்கம்," என்று காளிராஜ் இழுத்தான்.

"ஒங்களுக்குச் சரிண்ணே. ஒங்க வண்டி கம்பெனிக்கும் காட்டுக்குந்தான் போகுது. நா பகல் பூரா ஓட்டுறது தார் ரோடு. சேத்துல எறங்குறது கொஞ்ச நேரம். மழையில ஒரு போன் வந்தா அவசரத்துல வேற ஓட்டுவேன். பின்னால குடுவையும் மருந்தும் இருக்கு. வாலு இப்படி ஆடுனா எனக்கு ஆகாது." பிறகு கணவன் பக்கம் திரும்பினாள். "நல்லதுதான் மச்சான். ஆனா எனக்கு இல்ல."

சாபிருக்கு முகம் தொங்கிவிட்டது. அவளுக்கு அது பிடிக்கவில்லை என்பதால் அல்ல. இன்னும் கொஞ்ச நாளில் அவளைக் கேட்காமலே அதை ஆர்டர் போட்டிருப்பான். அது அவனுக்குத் தெரியும்.

மறுபடி வீடியோக்களில் இறங்கினான். வழுக்கலைக் குறைக்கிற தட்டு வகை ஒன்று இருந்தது. சக்கரம் சுத்தமாக அந்தரத்தில் தொங்கினால் அதனால் பெரிய பிரயோஜனம் இல்லை என்று கழித்துவிட்டான். மிஞ்சியது இரண்டு. ஒன்று மின்சாரத்தில் பூட்டுவது, இன்னொன்று காற்றழுத்தத்தில் பூட்டுவது. இரண்டுக்கும் சுவிட்ச் உண்டு. போட்டால் பூட்டும், எடுத்தால் விட்டுவிடும், தார் ரோட்டில் இருப்பதே தெரியாது. காற்று வகைக்கு ஒரு கம்ப்ரெஸர் வேண்டும், அச்சு வரைக்கும் ஒரு டியூப் போக வேண்டும். கெட்டுப்போகக் கூடியது எதற்குக் கூடுதலாக ஒன்று? மின்சாரமே போதும் என்று மனதில் முடித்துக்கொண்டான். ஆனால் இந்த முறை அவளையும் கூட்டிக்கொண்டுதான் சிவகாசியில் பாலகுருவின் ஒர்க்ஷாப்புக்குப் போனான்.

பாலகுரு அந்தப் பக்கத்து லோடு வண்டிகளுக்கெல்லாம் கியரும் அச்சும் பார்க்கிறவர். சாபிர் கால் மணி நேரம் பேசினான். இரண்டு வகையும் எப்படி வேலை செய்யும், எதில் என்ன உடையும் என்றெல்லாம் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான்.

"பாய் எல்லாம் தெரிஞ்சுதான் வந்திருக்கீக," என்றார் பாலகுரு. "எனக்கும் கரெண்டுதான் லேசு. ஒத்த வயரு இழுத்தாப் போதும்."

டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த ஹாஃபிஸா வாயைத் திறந்தாள். "அந்தக் காத்து வகையில கம்ப்ரெஸர்னு சொன்னீகளே, அது எப்பவும் வண்டியிலயே இருக்குமா?"

"இருக்கும். அதுதான் தொல்லையே."

"அதுல டயருக்குக் காத்து அடிக்கலாமா?"

சாபிர் பேச்சை நிறுத்தினான். பாலகுருவைப் பார்த்தான். "தனியா ஒரு ஓஸ் மாட்டிக் குடுத்தா அடிக்கலாம்," என்றார் அவர்.

"அப்ப எனக்கு அதுதான் வேணும்."

"ஏ புள்ள, நாம பாக்குறது பூட்டு. டயருக்குக் காத்தடிக்கத் தனியா ஒண்ணு வாங்கிக்கலாம்."

"மச்சான், நா சேத்துல மாட்டுனது இந்த வருசம் ஒரு தடவ. கருவேல முள்ளு ஏறி டயர் எறங்குனது எத்தன தடவன்னு தெரியுமா? ஆடு எங்கன நிக்குதோ அங்கன பூரா சீமைக்கருவேலந்தான். போன மாசம் ஒரே நாள்ல ரெண்டு டயர் போச்சு. ஸ்டெப்னிய நானே மாத்துனேன். அதுவும் போனதும் டயரக் கழத்தி பஸ்ல ஏத்திச் சாத்தூருக்குக் குடுத்துவிட்டுட்டு சாயங்காலம் வரைக்கும் ஆட்டுக் கெடையில உக்காந்திருந்தேன். காத்து கையில இருந்தா அடிச்சு அடிச்சே பஞ்சர் கடைக்கு வந்திருப்பேன்."

"என்கிட்டச் சொல்லவே இல்லையே?"

"சொன்னா நீங்க டயர் வீடியோ பாக்க ஆரம்பிச்சிருவீக."

பாலகுரு சிரிப்பை அடக்க முடியாமல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். சாபிருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே யோசித்தபோதுதான் அவனுக்கு இன்னொன்று உறைத்தது. சேற்றில் இறங்குமுன் டயரில் பாதிக் காற்றை இறக்கிவிட்டால் டயர் பரந்து நன்றாகப் பிடிக்கும் என்று எத்தனையோ வீடியோவில் பார்த்திருக்கிறான். திரும்பக் காற்றடிக்க வழி இல்லாததால் அதை அவளிடம் சொன்னதே இல்லை. கம்ப்ரெஸர் வண்டியிலேயே இருந்தால் இறக்கவும் செய்யலாம், ஏற்றவும் செய்யலாம். எதைத் தொல்லை என்று தள்ளிவைத்தானோ அதுதான் அவளுக்கு வேண்டியது.

"காத்து வகையே போடுங்க," என்றான் பாலகுருவிடம். "டியூப்ப மட்டும் முள்ளு கிழிக்காம மேல தூக்கிக் கட்டணும்."

அச்சைக் கழற்றிப் பற்களைப் பார்த்து, அதற்குத் தோதான பூட்டைக் கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்து மாட்டி முடிக்கக் கார்த்திகை பிறந்துவிட்டது. சுவிட்சை எங்கே வைக்க என்று கேட்டபோது சாபிர் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினான். ஹாஃபிஸா அவனை இறங்கச் சொல்லிவிட்டு ஏறினாள். அவள் கை அதுவரை எட்டவில்லை. கியருக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளுக்கு போன் வந்தது. ஏழாயிரம்பண்ணை தாண்டிக் காட்டுக்குள் இருக்கும் மாரிசாமி. பசு விடியலிலிருந்து முக்குகிறது, கன்றின் கால் மட்டும் வெளியே தெரிகிறது, தலை வரவில்லை என்றார். முந்தின நாள் பூராவும் மழை.

"மண்டி லீவுதானே, நானும் வாரேன்," என்றான் சாபிர். கல்யாணமாகி இத்தனை வருசத்தில் அவளோடு வேலைக்குப் போவது அவனுக்கு அதுதான் முதல் தடவை.

தார் முடிந்து கரிசல் பாதை பிரிகிற இடத்தில் அவள் வண்டியை நிறுத்தி, இறங்கி, டயர் ஒவ்வொன்றிலும் காற்றை இறக்கினாள். சாபிர் அவளுக்குக் குடை பிடித்தான். இரண்டு பக்கமும் மக்காச்சோளம் நனைந்து நின்றது. தூரத்தில் பட்டாசுக் கம்பெனி ஒன்றின் ஒற்றை அறைக் கட்டடங்கள் தள்ளித்தள்ளித் தெரிந்தன. வண்டி வழுக்கி வழுக்கிப் போயிற்று. ஆனாலும் போயிற்று. வாய்க்கால் குறுக்கிடும் பள்ளத்தில் முன்பக்க வலது சக்கரம் இறங்க, பின்பக்க இடது சக்கரம் தரையை விட்டு எழும்பியது. வண்டி நின்றது. எழும்பிய சக்கரம் விர்ரென்று சுற்றிச் சேற்றை வாரி இறைத்தது.

"ஆக்ஸிலேட்டர விடு, சக்கரம் நிக்கட்டும், அப்புறம்..."

"தெரியும் மச்சான்."

அவள் காலை எடுத்தாள். சுவிட்சைத் தட்டினாள். எங்கேயோ கம்ப்ரெஸர் கரகரத்தது, டேஷ்போர்டில் ஒரு விளக்கு எரிந்தது. மெதுவாக, மிக மெதுவாக மிதித்தாள். தரையில் இருந்த சக்கரம் மண்ணைக் கவ்வியது. வண்டி முனகிக்கொண்டே பள்ளத்திலிருந்து ஏறி மறுகரையில் நின்றது. சாபிர் சின்னப்பிள்ளை மாதிரி கை தட்டினான். அவள் சுவிட்சை அணைத்துவிட்டு மாரிசாமியின் தொழுவத்தின் பக்கம் வண்டியைத் திருப்பினாள்.

மாரிசாமியின் தொழுவத்தில் நடந்ததை சாபிர் அதற்கப்புறம் பலரிடம் சொல்லியிருக்கிறான். ஹாஃபிஸா சேலைக்கு மேல் நீளமான பிளாஸ்டிக் அங்கியை மாட்டிக்கொண்டு, தோள் வரைக்கும் உறை போட்ட கையைப் பசுவுக்குள் விட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். "தல பின்னால மடங்கிக் கெடக்கு," என்றாள். பசு அலறியது. அவள் நெற்றியில் வேர்வை வழிந்து கண்ணுக்குள் போனது. சாபிர் தன் கைக்குட்டையால் அதை ஒற்றியெடுத்தான். அது ஒன்றுதான் அவனால் செய்ய முடிந்தது. கயிற்றைச் சுருக்கிட்டு உள்ளே கொண்டுபோய், தலையைத் திருப்பி, "இப்ப இழுங்க, அது முக்கும்போது மட்டும் இழுங்க," என்றாள். மாரிசாமியும் சாபிரும் இழுத்தார்கள். வழுவழுவென்று கன்று வைக்கோலில் வந்து விழுந்தது. மூச்சில்லை. அவள் அதன் மூக்கைத் துடைத்து, வைக்கோல் குச்சியால் நாசிக்குள் கிளறினாள். கன்று ஒரு தும்மல் போட்டது.

"ஆத்தாடி!" என்றார் மாரிசாமி. "காளக்கன்னு டாக்டரம்மா. பாய், ஒங்க சட்டையெல்லாம் போச்சே."

சாபிர் தன் சட்டையைப் பார்க்கவில்லை. வைக்கோல் மேல் உட்கார்ந்து கன்றைத் துவட்டிக்கொண்டிருந்த மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தான். இத்தனை நாளும் இவள் எப்போது வீடு திரும்புவாள் என்பதைப் பற்றி மட்டும்தான் நினைத்திருக்கிறோம் என்று அவனுக்குத் தோன்றியது.

திரும்பும்போது தார் ரோட்டின் ஓரத்தில் டயர்களுக்குக் காற்றடித்தார்கள். அவள் ஓஸைப் பிடிக்க, அவன் அளவைப் பார்த்துச் சொன்னான்.

"இனிமே பயமில்ல," என்றான். "எங்கயும் மாட்டாம வந்துருவ."

"மாட்டாமயா?" அவள் நிமிர்ந்தாள். "மாரிசாமி வீட்டுக்கு அங்கிட்டு ஒரு ஓடை, அதுக்கும் அந்தப் பக்கம் மூணு ஊரு இருக்கு மச்சான். மழைக் காலத்துல அங்கேர்ந்து போன் வந்தா, வர முடியாதுன்னு சொல்லிருவேன். இனிமே சொல்ல மாட்டேன். இந்தப் பூட்டு இருக்கிற தைரியத்துல இன்னும் உள்ள போவேன். போயி அங்கன மாட்டுவேன்."

சாபிர் அளவுமானியிலிருந்து கண்ணை எடுத்தான். அவள் சீக்கிரம் வீடு வரட்டும் என்றுதானே இவ்வளவும் செய்தான். ஓடைக்கு அப்பால் எதற்கு, நாங்கள் வீட்டில் என்ன கதியாவோம் என்று கேட்க வாயெடுத்தான். அவள் முழங்கையில் கன்றின் ஈரம் காய்ந்து ஒட்டியிருந்தது. கேட்க வந்தது அடங்கிப்போனது.

"மாட்டுனா எனக்குத்தான் மொதல்ல போன் பண்ணணும்," என்றான்.

"ஒங்களுக்குப் பண்ணாம?"

"கம்பெனி வேன் வந்து தள்ளிவிட்டப்புறம் இல்ல. மாட்டுன ஒடனே."

"சரி மச்சான். ஒடனே."

அடுத்த வாரம் அவன் ஒரு நல்ல இழுவைக் கயிறு வாங்கி மண்டியில், துவரம்பருப்பு மூட்டைகளுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான்.

மார்கழி தொடக்கத்தில், நல்ல வியாபார நேரத்தில் அந்த போன் வந்தது. "மச்சான், மாட்டிக்கிட்டேன்," என்றாள். குரலில் சிரிப்பு. ஓடை தாண்டி மூன்றாவது ஊருக்கு ஆட்டுக்கு ஊசி போடப் போனவள், முடித்துத் திரும்புகையில் நாலு சக்கரமும் அச்சு வரைக்கும் புதைந்து நிற்கிறதாம். பூட்டுப் போட்டும் அசையவில்லையாம்.

சாபிர் கடையைக் கணக்கரிடம் விட்டுவிட்டுக் கயிற்றைத் தூக்கிக்கொண்டு ஓடினான். காளிராஜ் வண்டியை எடுத்துக்கொண்டு வந்தான். "ஏலே, அம்புட்டு வெல குடுத்து நல்லதாப் போட்டும், இழுக்க என் வண்டிதானே வேண்டியிருக்கு," என்று வழிநெடுகக் கேலி பேசினான். டக், டக் என்று அவன் வண்டியும் கூடவே பேசிக்கொண்டு வந்தது. சாபிர் ஒவ்வொரு வளைவிலும், "மெதுவா, மெதுவா," என்றான்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ஹாஃபிஸா பிக்கப்பின் பின்கதவைத் திறந்து போட்டு அதன் மேல் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் அந்த ஊர்ப் பெண்கள். யாரோ அவித்த நிலக்கடலையை முறத்தில் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். சேற்றில் கால் புதையப் புதையக் கயிற்றோடு வருகிற கணவனைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"வாங்க மச்சான், சாப்பிட்டீகளா?" என்று கேட்டபடி ஒரு கை கடலையை அள்ளி நீட்டினாள்.

சாபிர் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு முதலில் கடலையை வாங்கிக்கொண்டான்.